குருதி உரைக்கும் சான்று

எமது தீவகத்திலே பிள்ளையொன்று சொற்கேளாது வெயிலில் ஓடித்திரியுமாயின், "கோதாரியிலே போவானே!" என்று பாட்டிமார் வைவது வழக்கம். அச்சொல்லின் பொருள் வைபவருக்கும் தெரியாது; வையப்படுபவனுக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்து வழக்கிலே கோதாரி என்பது வாந்திபேதியைக் குறித்த பெயர். விசூசிகை எனப் பழைய வைத்திய நூல்களிலும், கொலறா என ஆங்கிலேயராலும் வழங்கப்பட்ட அந்நோய் ஒரு காலத்திலே வீடு வீடாகப் புகுந்து உயிர் கொண்டுபோயிற்று. நோய் போய்விட்டது, வசைமொழி மட்டும் எஞ்சி நிற்கின்றது.

அம்மொழியின் பொருளை நான் உள்ளபடி உணர்ந்தது 2021ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டின் ஆவணி, புரட்டாதி மாதங்களிலே கொரோனா நோய் இலங்கையிலே தன் உச்சநிலையை எய்தியிருந்தது. ஒருநாள் மாலை சரவணையிலே என் அயலில் வாழும் மூதாட்டி ஒருவர் எங்கள் படலைக்கு வெளியே வந்து நின்றார். அவருடைய கணவர் ஆசுபத்திரியிலே இருந்தார். குருதிச் சோதனையின் முடிவுகளை மகன் ஒரு துண்டுக் கடதாசியிலே எழுதிக் கொடுத்திருந்தான். கடதாசியை மதிலின்மேல் வைத்துவிட்டுப் பின்னே விலகி நின்றபடி, "மாஸ்ரர், நீங்கள் படிச்சனீங்கள். இந்த எண்களிலை மனுசன் தப்புமோ எண்டு கிடக்கோ, ஒருக்காப் பாருங்கோ" என்றார். நான் மாணாக்கருக்கு வரலாறு கற்பிப்பவன். அவ்வெண்களைப் பார்த்து ஏதும் கூற என்னால் இயலவில்லை. வைத்தியரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. நோயாளியின் குருதியை அளந்து அவன் பிழைப்பானா இறப்பானா என அறியலாம் என்னும் எண்ணம் மனிதனுக்கு எப்பொழுது தோன்றிற்று? அவ்வாறு அறிந்தமையால் எவரேனும் பிழைத்ததுண்டா? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு விடை தருகின்றது. அவ்விடையைச் சுருங்கக் கூறின், குருதி சான்று கூறும், தீர்ப்பு வழங்காது. சான்றினைச் சரிவரக் கேட்டு, அதன்மேல் எழுந்த சிகிச்சையையும் சோதித்துப் பார்த்த இடங்களிலே உயிர்கள் காக்கப்பட்டன. சான்றாளனையே குற்றவாளியெனக் கொண்டு தண்டிக்க முற்பட்ட இடங்களிலே மருந்தும் முயற்சியும் வீணாயின. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்வழி வந்த நோய்

1817ஆம் ஆண்டிலே வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிய கோதாரி இரண்டு ஆண்டுகளுள் இலங்கையையும் எட்டிற்று. அந்நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்துக்கு அது மீண்டும் மீண்டும் வந்துபோயிற்று. பாய்க்கப்பல்கள் ஓடிய அக்காலத்திலே ஊர்காவற்றுறை பெயர்பெற்ற துறைமுகம். தென்னிந்தியக் கரையோடு இடையறாத போக்குவரத்துடைய நாட்டுக்கு அரிசியும் துணியும் வந்த வழியே நோயும் வருதல் இயல்பேயாம். 1866, 1867ஆம் ஆண்டுகளிலே குடாநாடு கோதாரியால் பெரிதும் வருந்தியது. 1877ஆம் ஆண்டளவிலே பஞ்சமும் நோயும் ஒருங்கே வந்தன. அவ்வேளை ஆறுமுகநாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்த வரலாற்றை இவ்விதழைப் படிப்போர் நன்கறிவர்.

மேலைநாட்டு வைத்தியம் அக்காலத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தது. 1850ஆம் ஆண்டிலே அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரிலே ஆசுபத்திரி ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்து, பின் மானிப்பாயிலே வைத்தியப் பணியும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். 1864ஆம் ஆண்டு தொடக்கம் அவர் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தமை எம்மவர் என்றும் நினைவிற் கொள்ளவேண்டிய செயலாகும். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழிலே வெளிவந்தன. ஒட்சிசனையும் உப்பையும் பற்றித் தமிழிலே கற்கும் வாய்ப்பு 1875ஆம் ஆண்டிலேயே எமது முன்னோருக்குக் கிடைத்திருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனினும், கோதாரியின் முன் அக்காலத்து உலக வைத்தியம் கைகட்டியே நின்றது. அபினும் இரசக் கலவைகளும் கொடுத்தவர் பலர். நோயாளி நாவறண்டு தண்ணீருக்குக் கெஞ்சியபோதும் அதனைத் தரலாகாதென்று தடுத்தவரும் உளர். நோயாளியின் குருதியிலே என்ன நிகழ்கின்றது என்பதை அறியாமையே இதற்குக் காரணம் எனச் சொல்லத் தோன்றும். ஆனால் உண்மை அதனினும் துயரமானது. கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அது கண்டறியப்பட்டிருந்தது. கண்டறிந்த உலகமே அதனைக் கைவிட்டும் இருந்தது.

கேட்கப்படாத சான்று

1831ஆம் ஆண்டின் இறுதியிலே கோதாரி இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்திலே பரவியது. அயர்லாந்து தேசத்து இளைஞர் வில்லியம் ஓஷோனெசி அங்கு சென்று நோயாளரின் குருதியைப் பெற்று இரசாயன முறையிலே ஆராய்ந்தார். குருதியிலிருந்த நீரின் பெரும்பகுதி போய்விட்டது, உப்புக்கள் குறைந்துவிட்டன, காரத்தன்மையும் குன்றிவிட்டது என அவர் கண்டார். குருதி கறுத்துத் தடித்து ஓடாது நின்றமைக்குக் காரணம் விளங்கிற்று. இழந்த நீரையும் உப்பையும் மீண்டும் கொடுத்தலே தக்க பரிகாரம் என அவர் எழுதினார்.

அவ்வெழுத்தைப் படித்தவருள் ஒருவர் ஸ்கொத்துலாந்திலே லீத் நகரத்து வைத்தியர் தோமஸ் லாற்றா. 1832ஆம் ஆண்டிலே, சாகும் நிலையிலிருந்த முதியவள் ஒருத்தியின் நாளத்திலே உப்புநீரை அவர் சிறிது சிறிதாகச் செலுத்தினார். அரைமணி நேரத்திலே ஏறக்குறைய ஆறு பைந்து நீர் உட்சென்றது. குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன; குளிர்ந்த கைகால்கள் சூடேறின; அவள் பேசினாள். ஆபத்து நீங்கியதென எண்ணிய லாற்றா அவளை மற்றொரு வைத்தியரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டும் தொடங்கியது. உப்புநீரை மீண்டும் செலுத்த எவருமில்லை. சில மணி நேரத்துள் அவள் இறந்தாள்.

இவ்வொரு நிகழ்ச்சியிலே அம்முறையின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே அடங்கியுள்ளன. கொடுத்தது சரி, கொடுத்த அளவு போதாது. எவ்வளவு போதும் என்பதைக் காட்டும் அளவுகோல் அன்று இல்லை. இறுதிநிலை எய்திய நோயாளருக்கே அது செய்யப்பட்டது; செலுத்திய நீரும் தூய்மையானதன்று. ஆதலின் பலர் இறந்தனர். முறை பயனற்றதெனத் தள்ளப்பட்டது. லாற்றா 1833ஆம் ஆண்டிலே காலமானார். ஓஷோனெசி அதே ஆண்டிலே கிழக்கிந்தியக் கம்பனியின் சேவைக்கு இந்தியா சென்று, கல்கத்தா வைத்தியக் கல்லூரியிலே இரசாயனப் பேராசிரியராயினார். பிற்காலத்திலே இந்தியாவிலே தந்தி அமைத்தவரும் அவரே. குருதி கூறிய சான்று மட்டும் ஏடுகளிலே எழுபத்தைந்து ஆண்டு உறங்கிற்று.

கல்கத்தாவின் சிறு குப்பிகள்

அவ்வுறக்கம் கலைந்த இடமும் கல்கத்தா வைத்தியக் கல்லூரியே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அங்கு நோய்க்குறியியற் பேராசிரியராயிருந்த லெனாட் றொஜர்ஸ், 1906ஆம் ஆண்டு தொடக்கம் கோதாரி நோயாளருக்கு உப்புநீர் கொடுத்துப் பார்த்தார். சாதாரண உப்புநீர் நெடுநேரம் நிலைக்கவில்லை. 1908ஆம் ஆண்டளவிலே உப்பின் செறிவைக் கூட்டி நாளத்தின் வழியே செலுத்தலானார். எவருக்குக் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைகாண அவர் கையாண்ட உபாயம் மிக எளியது.

ஒரு பொருள் அதே கனவளவு நீரிலும் எத்தனை மடங்கு பாரமானது என்பதைத் தன்னீர்ப்பு என்பர். கிளிசரினையும் நீரையும் வெவ்வேறு அளவிற் கலந்து, படிப்படியாகத் தன்னீர்ப்புக் கூடிச் செல்லும் கலவைகளைச் சிறு குப்பிகளிலே அவர் நிரப்பி வைத்தார். நோயாளியின் விரல்நுனியிலிருந்து எடுத்த குருதித் துளியை ஒவ்வொரு குப்பியிலும் விட்டார். துளி தாழுமாயின் குருதி கலவையிலும் பாரமானது, மிதக்குமாயின் இலேசானது, தாழாதும் மிதவாதும் நிற்குமாயின் அக்குப்பியின் எண்ணே குருதியின் தன்னீர்ப்பு. சுகதேகிகளிலே அது ஏறக்குறைய 1.056 ஆகும். நீரிழந்த நோயாளியிலே அது ஏறிச்செல்லும். 1.063ஐ எட்டினால், அல்லது குருதியமுக்கம் மிகவும் தாழ்ந்தால், உப்புநீர் செலுத்தவேண்டுமென அவர் விதித்தார். செலுத்தியபின் மீண்டும் ஒரு துளி எடுத்து மீண்டும் அளந்தார். லீத் நகரத்து முதியவளுக்குக் கிடையாதுபோன அளவுகோல் இதுவே.

பயன் யாது? அந்த வைத்தியசாலையிலே முன்னர் கோதாரி கண்டவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் இறந்தனர். புதிய முறை வந்தபின் இறப்பு ஏறக்குறைய மூன்றிலொன்றாகக் குறைந்தது. பின்னர் அது மேலும் இறங்கி ஐந்திலொன்றை அண்மித்தது. இந்த இரண்டாம் இறக்கத்துக்கு வழிகாட்டியவர் மணிலாவிலே ஆராய்ந்த அமெரிக்கர் செலாட்ஸ். நோயாளியின் குருதியிலே காரம் குன்றுவதை 1910ஆம் ஆண்டளவிலே அவர் எடுத்துக்காட்டி, அப்பச்சோடா என நாம் அடுக்களையிலே வழங்கும் சோடியம் இருகாபனேற்றைக் கொடுக்கலாமெனக் கூறினார். ஓஷோனெசி 1831ஆம் ஆண்டிலே கண்ட மூன்றாவது குறையும் இவ்வாறு நிறைவு செய்யப்பட்டது.

றொஜர்ஸின் சிகிச்சையிலே இன்னொரு பகுதியும் உண்டு. பொற்றாசியம் பரமங்கனேற்று, அஃதாவது கொண்டிஸ் என நாம் புண் கழுவப் பயன்படுத்திய ஊதாநிற மருந்து, ஒட்சியேற்றும் ஆற்றல் மிக்கது. குடலிலுள்ள நோய்நஞ்சை அது ஒட்சியேற்றி அழித்துவிடும் என அவர் கருதினார். ஆதலின் நோயாளருக்கு அதனைக் குளிசையாகவும் குடிநீராகவும் கொடுத்தார். கேட்பதற்கு மிகப் பொருத்தமான நியாயம். இறப்பும் குறைந்தது. ஆனால் உப்புநீரும் காரமும் கூடவே கொடுக்கப்பட்டன. ஓராண்டு நோயாளரை முந்திய ஆண்டு நோயாளரோடு ஒப்பிட்டாரேயன்றி, ஒரே காலத்து நோயாளரை இரு பகுதியாக்கி ஒப்பிடவில்லை. எது உயிர் காத்தது, எது வெறுமனே உடனிருந்தது என்பதைப் பிரித்தறிய வழியில்லாது போயிற்று. இன்று உப்புநீர் உலகெங்கும் நிலைத்துவிட்டது; கொண்டிஸ் குளிசையோ கோதாரிச் சிகிச்சையிலிருந்து மறைந்துவிட்டது. ஒரே மேதையின் இரு கருத்துக்களுள் ஒன்று வாழ, மற்றொன்று மாண்டது.

உப்புநீர் ஏன் நிலைத்தது என்பதைச் சற்று ஆராய்வோம். முதலாவதாக, அளக்கப்பட்ட பொருள் நோயாளியைச் சாவுக்கு இட்டுச்செல்லும் பாதையிலேயே இருந்தது. நோயின் மூலம் குடலிலே உள்ளது. கோதாரிக் கிருமியின் நஞ்சு குடலினுள்ளே நீரைச் சுரக்கச் செய்கின்றது என்பதைக் கல்கத்தாவின் சம்புநாத் டே 1959ஆம் ஆண்டிலேதான் நிறுவினார். மூலம் அறியப்படாதிருந்தும், மரணம் செல்லும் வழி அடைக்கப்பட்டது. இரண்டாவதாக, அவ்வளவை நோயாளியின் படுக்கையருகிலேயே அளக்கவும் திருத்தவும் மீண்டும் அளக்கவும் முடிந்தது. மூன்றாவதாக, எண் திருந்தியபோது மனிதனும் பிழைத்தான். இம்மூன்றும் ஒருங்கமைந்த இடத்திலேதான் குருதிச் சான்று உயிர்காக்கும் கருவியாகின்றது.

1947ஆம் ஆண்டிலே எகிப்திலே நோய் பரவியபோது அமெரிக்கக் கடற்படை வைத்தியர் றொபேட் பிலிப்ஸ், கிளிசரினுக்குப் பதிலாகச் செப்புச் சல்பேற்றுக் கரைசலைக் கொண்டு இதே முறையிலே குருதியை அளந்து சிகிச்சை செய்து, இறப்பை நூற்றுக்குப் பத்திலும் குறைவாக்கினார். 1971ஆம் ஆண்டிலே வங்காள அகதிகள் நிறைந்த பொன்காமிலே நாளத்திற் செலுத்தும் நீர் தீர்ந்தபோது, திலீப் மகாலனபிஸ் உப்பும் சீனியும் சேர்ந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 30இலிருந்து 4க்கும் கீழே இறங்கிற்று. அங்கு குருதியை அளக்க வசதியிருக்கவில்லை. தாய்மாரே பிள்ளைகளுக்குக் கரைசலைப் பருக்கினர். சான்று முன்னரே முழுமையாகக் கேட்கப்பட்டுத் தீர்ப்பும் உறுதியாகிவிட்டமையால், இனிச் சான்றாளனை ஒவ்வொரு முறையும் அழைக்கவேண்டிய தேவை இல்லாது போயிற்று.

பிராணவாயுவின் இரு முகங்கள்

கொரோனா நோயாளரின் குருதியிலே தேடப்பட்ட சான்றுகளுள் ஒன்று ஒட்சியேற்றத் தகைப்பு எனப்படுவது. அதனை விளங்கிக்கொள்ளப் பிராணவாயு என நாம் பெயரிட்டு வழங்கும் ஒட்சிசனின் வரலாற்றைச் சிறிது காணல் வேண்டும். விறகு எரிதலும் இரும்பு கறள்பிடித்தலும் உயிர்கள் மூச்சுவிடுதலும் ஒரே வாயுவின் தொழில்கள் எனப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சிய அறிஞர் இலவோசியே விளக்கினார். உயிருக்கு ஆதாரமான அவ்வாயு அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பதை 1878ஆம் ஆண்டிலே போல் பேர் என்னும் பிரான்சியர் காட்டினார். அதன் காரணத்தை ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெபெக்கா கேர்ஷ்மன் என்னும் பெண் அறிஞர் 1954ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். ஒட்சிசனின் ஊறும் கதிர்வீச்சின் ஊறும் ஒன்றே. இரண்டிலும் சுயாதீன மூலிகங்கள் என்னும் அடங்காத் துணிக்கைகள் தோன்றி உடலைச் சிதைக்கின்றன என்பது அவர் கொள்கை.

உடல் அவற்றின்முன் வாளாவிருப்பதில்லை. அத்துணிக்கைகளை அடக்கும் நொதியம் ஒன்றை 1969ஆம் ஆண்டிலே மக்கோட், பிறிடோவிச் ஆகிய அமெரிக்கர் இருவர் கண்டனர். குளூட்டதையோன் என்னும் சிறு பொருளும், விற்றமின் சீ முதலியனவும் அக்காவற்படையைச் சேர்ந்தவை. தாக்கும் துணிக்கைகளின் பலம் காக்கும் பொருள்களின் பலத்தை விஞ்சும் நிலையையே ஒட்சியேற்றத் தகைப்பு என்பர். இப்பெயரை 1985ஆம் ஆண்டிலே ஜேர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் நிலைநாட்டினார்.

இங்கு ஒரு செய்தியை மறத்தலாகாது. கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் இதே துணிக்கைகளைத் தாமே உண்டாக்கி, அவற்றையே படைக்கலமாகக் கொண்டு கிருமிகளைக் கொல்கின்றன. இது 1973ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று. ஆதலின் குருதியிலே ஒட்சியேற்றத்தின் அடையாளம் மிகுதியாகக் காணப்பட்டால், அது ஊரை எரிக்கும் தீயின் புகையா, ஊரைக் காப்போர் மூட்டிய தீயின் புகையா என்று புகையை மட்டும் பார்த்து அறிதல் அரிது.

கொரோனாக் காலத்துச் சான்றுகள்

இலங்கையிலே முதலாவது கொரோனா நோயாளி 2020ஆம் ஆண்டு தை மாதம் 27ஆந் திகதி கண்டறியப்பட்டார். அவர் சீன தேசத்திலிருந்து வந்த உல்லாசப் பயணி. பங்குனி மாதத்திலே நாடு முழுவதும் ஊரடங்கு பிறந்தது. சித்திரையிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் ஆய்வுகூடம் கொரோனாப் பரிசோதனையைத் தொடங்கியமை வடபகுதி மக்களுக்குப் பேருதவியாயிற்று. மொத்தத்திலே இந்நாட்டிலே பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர்.

பழைய வினா உலகெங்கும் மீண்டும் எழுந்தது: ஆசுபத்திரிக்கு வந்தவருள் எவர் தப்புவர்? 2020ஆம் ஆண்டு பங்குனியிலே வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவின் வூகான் நகரிலே இரு வைத்தியசாலைகளிலிருந்த 191 நோயாளரை ஆராய்ந்தது. அவருள் 54 பேர் இறந்தனர். முதுமையும், குருதி உறைந்து கரைவதைக் காட்டும் டீ-டைமர் என்னும் பொருளின் மிகுதியும் இறப்போடு சேர்ந்து சென்றன. பின்னர் வந்த ஆய்வுகள் பல. ஒட்சியேற்றத் தகைப்பை ஆராய்ந்தோருட் பலர், கடுமையாக நோயுற்றவரின் குருதியிலே குளூட்டதையோன் குறைந்திருப்பதையும், கொழுப்புச் சிதைவால் உண்டாகும் மலோன்டையல்டிகைட்டு மிகுந்திருப்பதையும் கண்டனர். வேறு சில ஆய்வுகளிலோ, பிழைத்தவருக்கும் இறந்தவருக்கும் இவ்வடையாளங்களிலே தெளிவான வேறுபாடு தோன்றவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் உள. முதுமை, நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவை கொரோனா வருமுன்னரே ஒட்சியேற்றத் தகைப்பைக் கூட்டுவன. இவற்றை உடையோரே கொரோனாவால் பெரிதும் இறந்தனர். எனவே சான்று கொரோனாவைப் பற்றியதா, பழைய நோயைப் பற்றியதா எனப் பிரித்தல் எளிதன்று. அளக்கும் முறையும் இடர்ப்பாடுடையது. மலோன்டையல்டிகைட்டை அளக்கப் பெரிதும் கையாளப்படும் சோதனை, பழைய எண்ணெயின் காறலை அறிய உணவு ஆராய்ச்சியாளர் கையாளும் சோதனையே. வேறு பொருள்களும் அதிலே அதே நிறத்தைத் தரும். குளூட்டதையோனோ பெரும்பாலும் செங்குருதிக் கலங்களினுள்ளே இருப்பது. எடுத்த குருதியைத் தக்க முறையிலே உடன் பதப்படுத்தாவிடின் குழாயிலேயே அது ஒட்சியேறிவிடும். நெடுந்தீவிலே எடுத்த குருதி வள்ளமேறிக் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைக் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் சேரும் வரையிலே, சான்றாளன் தன் வாக்குமூலத்தை மாற்றிவிடுவான். விரல்நுனியில் எடுத்த துளியைப் படுக்கையருகிலேயே குப்பியில் விட்ட றொஜர்ஸின் முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இவ்விடர்கள் நீங்கினும், தலையாய வினா எஞ்சும். எண்ணைத் திருத்தினால் மனிதன் பிழைப்பானா? கொரோனாக் காலத்திலே எமது கடைத்தெருக்களில் விற்றமின் சீக் குளிசைகளுக்கும் தேசிக்காய்க்கும் இருந்த கிராக்கியை நாம் மறந்திலோம். ஒட்சியேற்றம் கூடியதென்றால் அதற்கு எதிரானதைக் கொடுத்தால் தீருமென்பது அதன் நியாயம். கொண்டிஸ் குளிசையின் நியாயமும் இதுவே. அன்று ஒட்சியேற்றியைக் கொடுத்தனர், இன்று அதன் எதிரியைக் கொடுத்தனர். ஆனால் இம்முறை சோதனை செவ்வையாக நடந்தது. நோயாளர் திருவுளச்சீட்டுப் போடுவதுபோலப் பக்கச்சார்பற்ற முறையிலே இரு பகுதியாக்கப்பட்டு, ஒரே காலத்திலே ஒப்பிடப்பட்டனர். ஆசுபத்திரியிலிருந்த 2590 நோயாளரைக் கொண்ட பெருஞ்சோதனைகளின் முடிவு 2023ஆம் ஆண்டிலே வெளிவந்தது. நாளத்தின் வழியே பேரளவில் விற்றமின் சீ கொடுத்தமையால் நன்மை விளைந்ததாகக் காணப்படவில்லை. குளூட்டதையோன் உருவாக உதவும் அசற்றைல்சிஸ்டீன் என்னும் மருந்தைப் பிரேசில் நாட்டிலே 135 நோயாளரிலே சோதித்தபோதும் நோயின் போக்கு மாறவில்லை.

இவ்வேமாற்றம் புதிதன்று. பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த சோதனை ஒன்றின் முடிவு 1994ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஒட்சியேற்றத்தைத் தடுத்துச் சுவாசப்பைப் புற்றுநோயைக் குறைக்குமென எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட பீற்றாகரோற்றீன், அந்நோயைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிற்று. நல்ல நியாயம் மட்டும் நல்ல மருந்தாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் கொரோனாக் காலத்திலே குருதிச் சான்று எங்குமே பயன்படவில்லையா? பயன்பட்டது. பிரித்தானியாவிலே நடந்த 'றிக்கவறி' என்னும் பெருஞ்சோதனை, அழற்சியைத் தணிக்கும் பழைய மலிவான மருந்தாகிய டெக்சாமெதசோனை 2020ஆம் ஆண்டிலே ஆராய்ந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவருள் இறப்பு நூற்றுக்கு 41.4இலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஒட்சிசன் மட்டும் பெற்றவருள் 26.2இலிருந்து 23.3 ஆயிற்று. ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு நன்மை காணப்படவில்லை. அடுத்த ஆண்டிலே அதே சோதனை, குருதியிலே ஒட்சிசன் குறைந்தும் சீ. ஆர். பி. என்னும் அழற்சிப் புரதம் 75 மில்லிகிராமுக்கு மேற்பட்டும் இருந்தவருக்கு ரொசிலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. இறப்பு நூற்றுக்கு 35இலிருந்து 31 ஆயிற்று. இங்கு குருதியின் எண் யாருக்கு மருந்து என்பதைத் தெரிந்தெடுக்க உதவியது; மருந்து உயிர் காத்ததா என்பதைச் சோதனை தீர்மானித்தது. 1.063 என்னும் குப்பிக்கும் இந்த 75க்கும் உறவுண்டு. இரண்டும் செயலுக்கு வழிகாட்டிய எண்கள்.

முடிவுரை

ஒட்சியேற்றத் தகைப்பை ஆராய்வது வீணென்று யாம் கூறவில்லை. ஓஷோனெசியின் கண்டுபிடிப்பு எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே பயன் தந்தது. இன்று சான்றாக மட்டும் நிற்பது நாளை வழிகாட்டியாகலாம். ஆனால் அவ்விடைக்காலத்திலே இரு பிழைகள் நேர்தல் கூடாது. கேட்கவேண்டிய சான்றைக் கேளாது விடுதல் ஒன்று. லாற்றாவின் காலத்தவர் செய்தது அது. சான்று கிடைத்தவுடனே சோதியாது மருந்தை அள்ளிக் கொடுத்தல் மற்றொன்று. கொண்டிஸ் குளிசையிலே நேர்ந்தது அது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பாதையே வைத்திய வரலாற்றின் பாதை. எமது மாணாக்கருள் வைத்தியராகப் போகின்றவர் பலர் உளர். இரசாயனத்தையும் உடற்றொழிலையும் கற்கும் அவர்கள் இவ்வரலாற்றையும் கற்பாராயின், பிறிதொரு கொள்ளைநோய் எமது கரையை அடையும் நாளிலே அது அவர்களுக்குக் கைவிளக்காகும்.

படலையிலே நின்ற மூதாட்டியின் கணவர் மூன்று வாரங்களின் பின் மெலிந்து வீடு திரும்பினார். அத்துண்டுக் கடதாசி இன்றும் என் புத்தகமொன்றினுள்ளே கிடக்கின்றது. அதிலுள்ள எண்களுள் இரண்டு மிகவும் உயர்ந்தவை என்பதை இப்பொழுது அறிவேன். அதே எண்களோடு ஆசுபத்திரியிலே கிடந்து திரும்பாதோரும் இருந்திருப்பர் என்பதையும் அறிவேன். அன்று எனக்கு இவ்வரலாறு தெரிந்திருப்பின் அவருக்கு நான் கூறியிருக்கக்கூடிய விடை இதுவே: "ஆச்சி, இந்த எண்கள் தப்புவாரோ எண்டு சொல்லாது. எந்த மருந்தைக் குடுக்கிறது எண்டு வைத்தியருக்குச் சொல்லும். அது பெரிய காரியம்."